அவன்கிட்ட சொல்லுங்க சார்

தாமோதரன் சார் எழும்பூரில் ரயிலை விட்டு இறங்கியபோது, அவரை அழைத்துப் போக இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருத்தர் மட்டும் வந்திருந்தால் பயணம் நிம்மதியாகப் போயிருக்கும்.

கலியமூர்த்தி பிளாட்பாரத்தின் இந்தக் கோடியில் நின்றார். சவரிமுத்து அந்தக் கோடியில். விருத்தாசலத்தில் சாரிடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ஒரே டிபன் பாக்ஸில் கைவிட்டுத் தின்றவர்கள். சென்னைக்குப் பிழைக்க வந்ததும் சேர்ந்துதான். இப்போது எட்டு வருஷமாகப் பேச்சு கிடையாது. தலையெல்லாம் நரைத்தும் அந்த வீம்பு மட்டும் நரைக்கவில்லை.

"ரெண்டு பேரும் வந்தாச்சா? நல்லதாப் போச்சு. ஒரே காருல போயிடலாம்" என்றார் சார்.

போரூரில் ஒரு மண்டபத்தில் பழைய மாணவர்கள் அவருக்காகக் காத்திருந்தார்கள். சவரிமுத்து சாரின் பையை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தார். அதுதான் சமயம் என்று கலியமூர்த்தி சாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அடுத்த வாரம் என் பொண்ணு அபிநயாவுக்குக் கல்யாணம். சவரி மாமா வராம மணவறையில உட்கார மாட்டேங்கிறா. அவன் தோள்லயே வளந்தவ. சும்மா மிரட்டுறான்னு நெனச்சேன். ரெண்டு நாளா பச்சைத் தண்ணி குடிக்கலை சார்."

"போய்ப் பத்திரிகை வைக்க வேண்டியதுதானே?"

"நான் வச்சா வாங்க மாட்டான். திருப்பிக் குடுத்துட்டா அசிங்கம். தட்டோட கொண்டாந்திருக்கேன், நீங்க குடுங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா மறுக்க மாட்டான். சொல்லுவீங்களா சார்?"

சார் காரில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, தட்டை மட்டும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வெற்றிலை, பாக்கு, பூ, பழம், மேலே பத்திரிகை. பின் சீட்டிலிருந்து சவரிமுத்து அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கலியமூர்த்தி காரைக் கிளப்பினார். கூத்தும் ஆரம்பித்தது.

"சார், ஏசியைக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்க."

"சார், இதுக்கு மேல கொறையாதுன்னு சொல்லுங்க."

"சார், இப்படி ஹாரன் அடிச்சா மட்டும் வழி விட்டுடுவாங்களான்னு கேளுங்க."

"சார், வண்டி ஓட்டறது நான்தான்னு சொல்லுங்க."

பாவம் மனுஷன். இப்படியும் அப்படியும் திரும்பித் திரும்பி அவருக்குக் கழுத்து வலி வந்துவிட்டது. கோடம்பாக்கம் பாலம் ஏறும்போது, காதிலிருந்த மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அது இல்லையென்றால் பக்கத்தில் வெடி வெடித்தாலும் அவருக்குக் கேட்காது. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

"சார், மெஷின்! மெஷினைப் போடுங்க!" என்று கத்தினார் கலியமூர்த்தி.

சார் சிரித்தார். "ஆமா, பாலம் நல்லாத்தான் இருக்கு."

சவரிமுத்து விடவில்லை. "சார், பாலம் இறங்கினதும் இடது பக்கம் திரும்பச் சொல்லுங்க. நேராப் போனா மெட்ரோ வேலை, மாட்டிக்குவோம்."

சார் அசையவில்லை. கலியமூர்த்திக்கு நன்றாகவே கேட்டது. ஆனால் அவரிடம் யாரும் சொல்லவில்லையே! வண்டியை நேராகவே விட்டார். மாட்டிக்கொண்டார்கள்.

முன்னால் தண்ணி லாரி, பின்னால் பஸ். மண்டபத்திலிருந்து போன் மேல் போன். கலியமூர்த்தி ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். சவரிமுத்து கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார். சார் மட்டும் ஓரத்துப் பூக்கடையை வேடிக்கை பார்த்தார்.

காலடியில் விழுந்த போனை எடுக்கக் கலியமூர்த்தி குனிந்தார். அதே நேரம் தண்ணி லாரி பின்னால் நகர ஆரம்பித்தது.

"சார், லாரி! சார், அவன்கிட்ட சொல்லுங்க!" சவரிமுத்து சாரின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"என்னப்பா?" என்று சார் நிதானமாகத் திரும்பினார். லாரி வந்துகொண்டே இருந்தது.

"டேய் கலியா! ஹாரனை அடிடா!"

கலியமூர்த்தி நிமிர்ந்து ஹாரனில் கையை வைத்து அழுத்தினார். லாரி ஒரு சாண் தூரத்தில் நின்றது. 

"அப்பவே சொன்னேன்ல, இடது பக்கம் திரும்புன்னு!"

"என்கிட்ட எங்கடா சொன்னே? சார்கிட்டதானே சொன்னே!"

"உன் காதுல விழலையா?"

"விழுந்துச்சு. எனக்குன்னு சொன்னியா நீ?"

"எங்கப்பா செத்ததும்தான் உன் காதுல விழுந்திருக்கும். ஏன்டா வரலை?"

கலியமூர்த்தி முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார். "நீ ஏன்டா எனக்குச் சொல்லலை? அடக்கம் எல்லாம் முடிஞ்சு, மூணாம் நாள் டீக்கடையில கேள்விப்பட்டேன். ஊருக்கெல்லாம் சொன்னே. நான் என்ன வேத்து ஆளா?"

"பூபாலன்கிட்ட சொல்லி விட்டேனேடா! மொத ஆளா உனக்குத்தான் சொல்லி விட்டேன்!"

"பூபாலனா? அவன் என்கிட்ட வரவே இல்லையேடா!"

கூடப் படித்த பூபாலன் அந்த வாரமே துபாய்க்கு விமானம் ஏறிய அவசரக்காரர். அவருக்கு இதெல்லாம் ஞாபகம்கூட இருக்காது.

"பெட்டியைத் தூக்கறப்ப உன்னைத்தான்டா தேடினேன்" என்றார் சவரிமுத்து.  "கலியன் வந்துடுவான், கொஞ்சம் பொறுங்கன்னு ஃபாதரையே நிக்க வச்சேன்."

கலியமூர்த்தி சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. பின்னால் பஸ்காரர் திட்ட ஆரம்பித்துவிட்டார்.

"லாரிக்காரன் வழி விட்டுட்டான் பாரு. எடுடா வண்டியை" என்றார் சவரிமுத்து.

கொஞ்ச தூரம் போய், காரை ஓரம் கட்டி நிறுத்தினார் கலியமூர்த்தி. சாரின் மடியில் இருந்த தட்டை நோக்கிக் கை நீட்டினார். சார் சட்டென்று கொடுத்துவிட்டார். கலியமூர்த்தி இறங்கிப் போய்ப் பின் கதவைத் திறந்து, இரண்டு கையாலும் தட்டை நீட்டினார்.

"அபிநயாவுக்குக் கல்யாணம். குடும்பத்தோட வந்துடணும்டா."

"வராம?" சவரிமுத்து தட்டை வாங்கிக்கொண்டார். "மூணு நாள் முன்னாடியே வந்துடுவேன். மொதல்ல போன் போட்டுப் புள்ளைய சாப்பிடச் சொல்லு. எளைச்சுப் போயிருப்பா."

சார் மெஷினை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார்.

கலியமூர்த்திக்கு இன்னும் மனசு ஆறவில்லை. "உங்களை நம்பித்தானே சார் கேட்டேன்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாட்டியும் போகுது, இருந்த மெஷினையும் கழட்டி வச்சுட்டீங்களே!"

"நல்ல காது நாலு இருக்கிற காருல, என் செவிட்டுக் காது எதுக்குப்பா?" என்றார் சார்.