வேண்டாதது ஒன்று

“எது தேவை, எது ஆசைன்னு எனக்குப் பிரிச்சுக் காட்டுங்க சாமி. அது தெரியாமத்தான் என்ற கையில காசு நிக்க மாட்டேங்குது.”

சொல்லிவிட்டு மயிலாத்தாள் மடத்து வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். நின்றுகொண்டு பதில் கேட்கத் தெம்பு இல்லை.

சாமி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மடத்தில் வருகிறவர்களுக்கெல்லாம் மதியச் சோறு உண்டு.

அவரை ஊரில் கண்டக்டர் சாமி என்பார்கள். மினி பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் மடத்து ஸ்டாப்பில் இறங்கினார். விசில் கொடுக்க ஆளில்லாமலே பஸ் போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை. மயிலாத்தாளைவிட வயதில் நன்றாக இளையவர். அவளைப் பெரியவங்க என்றுதான் கூப்பிடுவார்.

“காசு எதுக்கு நிக்கோணும்?” என்று கேட்டார்.

“தை பொறந்தா வீட்டைக் காலி பண்ணோணுமுங்க. வீட்டுக்காரரு இடிச்சுக் கட்டப் போறாராம். வேற வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்கோணும். இல்லாட்டி சட்டி பானையோட நாங்க ரோட்லதானுங்க.”

“சம்பளம் வருதில்ல?”

“வருதுங்க. சனிக்கிழமை வருது. ஞாயித்துக்கிழமை போயிருது.”

அவளுக்கு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற துணியை விரித்துப் பார்த்து, ஓட்டையோ பிசிறோ இருந்தால் தனியே தூக்கிப் போட வேண்டும். அதில் அவளை ஏமாற்ற முடியாது. சூப்பர்வைசர் கண்ணில் படாத பொத்தல் அவள் விரலில் தட்டும்.

வீட்டில்தான் எதுவும் தட்டவில்லை.

சாமி வெங்காயத் தோலை ஊதித் தள்ளினார். உள்ளே கைகாட்டினார். சுவரோரம் நீளமாக ஒரு கல்மேடை.

அந்த மடத்தில் உண்டியல் கிடையாது. வருகிறவர்கள் வீட்டுக்கு வேண்டாதது ஒன்றைக் கொண்டுவந்து கல்மேடையில் வைக்க வேண்டும். குருபூசை அன்றைக்கு எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். அந்தக் காசில்தான் மடத்தில் அடுப்பு எரிகிறது. நம் ஜனங்களைப் பற்றிச் சொல்லவா வேண்டும், மூடி இல்லாத மிக்ஸி ஜாரும் காது போன வாணலியும் அங்கே மலை மாதிரி குவியும். ஊர் சுத்தமாகிறதே என்று சாமி ஒன்றும் சொல்வதில்லை.

“வாரம் ஒண்ணு கொண்டாங்க,” என்றார். “வேண்டாதது பூரா வெளிய வந்துட்டா, உள்ள நிக்கறதுதான் தேவை.”

“அவ்வளவுதானுங்களா?”

“அவ்வளவுதான்.”

*

வீட்டுக்குப் போனவள் மொட்டைமாடியிலிருந்தே ஆரம்பித்தாள்.

மாடியில் அவள் புருஷன் ரங்கசாமி புறாக்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் பந்தயப் புறா. மில்லை மூடிய பிறகு அவர் ஒரு குடோனில் வாட்ச்மேன். சம்பளம் ஆனைப் பசிக்குச் சோளப்பொரி. இருந்தாலும் கம்பு, சோளம், கடலை என்று புறாவுக்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அதில் ஒரு ஜோடியை விற்றால் வீட்டு அட்வான்ஸே கொடுத்துவிடலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் பல நாள் சொல்லிவிட்டார்.

“ஏனுங்க, இதுல ஒரு சோடியைக் குடுத்துட்டா என்னங்க? வீட்டுக்கு வேண்டாததைத்தான கேக்கறாங்க.”

“புறா வேண்டாததா?” அவருக்கு முகம் சுண்டிப்போனது. “வாயில்லாச் சீவன் புள்ள. இதுகளையும் குடுத்துட்டு நான் எதைப் பாத்துட்டு உக்காந்திருப்பேன்?”

அதுவும் சரிதான் என்று இறங்கி வந்தாள். மில் மூடிய வருஷம் அவர் யாரிடமும் பேசாமல் கிடந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

பையன் தினகரன் கண்ணாடி முன் கையை மடக்கி, புடைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜிம்முக்குப் போகிறான். ஒரு டப்பா பவுடர் அவன் அலமாரியில் இருந்தது. பாலில் கலக்கிக் குடிப்பது. அந்த டப்பா விலைக்கு ஒரு கறவை ஆட்டையே பிடித்துவரலாம்.

“கண்ணு, இந்தப் பவுடரு வேணுமா?”

“அம்மா! ஒடம்பு தேறோணுமா வேண்டாமா?”

தேற வேண்டும்தான். வளர்கிற பிள்ளை.

கடைசியில் சமையற்கட்டில் இருந்த ரேடியோவைக் கையில் எடுத்தாள்.

“இது வேணுமா யாருக்காச்சும்?”

யாரும் வாயைத் திறக்கவில்லை.

அப்பாடா, வேண்டாதது ஒன்று கிடைத்துவிட்டது. முந்தானையால் துடைத்து எடுத்து வைத்தாள். காலையில் பாத்திரம் கழுவும்போது அதுதான் அவளுக்குத் துணை. அதை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

*

“சேந்துச்சா?” ரேடியோவைக் கொடுத்ததற்கு அடுத்த ஞாயிறு சாமி கேட்டார்.

“இல்லீங்க. ரேடியோவுக்கு பேட்டரி வாங்கற காசு மிஞ்சுச்சு. அது கடலை வாங்கப் போயிருச்சுங்க. புறாவுக்கு.”

“ம்.”

அந்த வாரம் மேசை ஃபேனைக் கொண்டுவந்திருந்தாள். சமையற்கட்டில் அவள் தலைமாட்டில் சுற்றுவது. மற்ற இரண்டு பேரும் கூடத்தில், சீலிங் ஃபேனுக்குக் கீழே படுப்பார்கள். “இது வேணுமா?” என்று கேட்டிருந்தாள். அன்றைக்கும் வீட்டில் சத்தம் இல்லை.

“மழைக் காலத்துல ஃபேன் எதுக்குங்க,” என்றாள் சாமியிடம்.

அவள் கைகளில் கொசு கடித்த தடிப்பு வரிசையாக இருந்தது. சாமி பார்த்தார். ஃபேனை வாங்கி ரேடியோ பக்கத்தில் வைத்தார்.

அதற்கடுத்த வாரம் குடை வந்தது. ஐப்பசி மாதத்தில் குடை வேண்டாத பொருளாகிவிட்ட வீடு அந்த ஊரிலேயே அது ஒன்றுதான்.

“பஸ்ஸை விட்டுட்டேனுங்க. நடந்துதான் வேலைக்குப் போறேன். அந்தக் காசு மிஞ்சுது. நடக்கறவளுக்குக் குடை பிடிச்சா கை வலிக்குது.”

“மழை பேஞ்சா?”

“மழை என்ன தெனமுமா பேயுது?”

அன்று திரும்பிப் போகும்போதே பெய்தது. மடத்து வாசலில் சாமி நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, ஓட முடியாமல் நடந்து போனாள். அவர் கூப்பிடவில்லை. உள்ளே வந்து, ஈரமாகாமல் கல்மேடையில் இருந்த குடையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

*

மறு ஞாயிறு காய்ச்சலோடு வந்தாள். பேச்சுக்கு நடுவில் இருமினாள்.

“சேந்துச்சா?”

“எங்கீங்க சேருது? பஸ் காசு மிஞ்சுச்சுன்னு சந்தோசப்பட்டேன். பந்தயத்துக்குத் தூக்கிட்டுப் போறதுக்குன்னு அவரு புதுசா ஒரு கூண்டு செய்யக் குடுத்துட்டாருங்க.”

“கூண்டு எவ்வளவு பெருசு?”

இதையெல்லாம் எதற்குக் கேட்கிறார் என்று அவளுக்கு அலுப்பாக இருந்தது. “ஒரு ஆளு உக்காந்தா எவ்வளவு எடம் வேணுமோ, அவ்வளவு இருக்குமுங்க.”

பைக்குள் கையை விட்டு எடுத்துக் கொடுத்தாள். டிபன் பாக்ஸ். மூடியில் அவள் பெயரை யாரோ ஆணியால் கீறியிருந்தார்கள். கம்பெனியில் பாக்ஸ் மாறிப்போகாமல் இருக்க எல்லோரும் செய்வது.

சாமி அதை உடனே வாங்கவில்லை.

“மத்தியானத்துக்கு?”

“இந்த வயசுல மத்தியானம் என்னங்க பசி. காலையில கொஞ்சம், ராத்திரி கொஞ்சம். போதுமுங்க. வீட்டுலயும் கேட்டேன். ஆருக்கும் வேண்டாமாம்.”

சாமி இரண்டு கையாலும் அதை வாங்கினார். மேடையில் வைத்தார்.

“சாப்பிட்டுப் போங்க,” என்றார்.

“வீட்டுல அவியளுக்குச் சோறாக்கோணுமுங்க,” என்று கிளம்பிவிட்டாள்.

*

அந்த வாரம் கம்பெனியில் செக்கிங் மேசைமேல் தலை சாய்ந்துவிட்டது. தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். அவள் கைபட்ட துணியில் ஒரு கட்டு, ஓட்டையோடு அப்படியே தாண்டிப் போயிருந்தது. இத்தனை வருஷத்தில் அப்படி ஆனதில்லை. சூப்பர்வைசர் திட்டவில்லை. இரண்டு நாள் வீட்டில் இருங்க அக்கா என்றார். இரண்டு நாள் கூலி போனது.

வீட்டில் சொன்னாள். “பாத்து இருக்கக் கூடாதா புள்ள?” என்றார் ரங்கசாமி. நிஜமான கவலையோடுதான் சொன்னார். சொல்லிவிட்டுப் புறாவுக்குத் தண்ணீர் வைக்க மாடிக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீடு முழுக்கத் தேடினாள். மாடி, கூடம், சமையற்கட்டு. கேட்டால் யாரும் வாயைத் திறக்காத பொருள் ஒன்றும் பாக்கி இல்லை.

வெறுங்கையோடு மடத்துக்கு நடந்தாள். வழியில் எங்கேயாவது உட்கார வேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்தால் எழ முடியாது என்று பயந்து நடந்தாள்.

“சாமி, இந்த வாரம் ஒண்ணும் இல்லீங்க.”

“ஏன்?”

“எல்லாம் குடுத்தாச்சுங்க. வீட்டுல இருக்கற மிச்சம் எல்லாமே ஆருக்காச்சும் வேணுமுங்க. காசும் சேரலை. தையும் நெருங்கிட்டே வருது. எனக்கு ஒண்ணும் புரியலீங்க.”

“ஒண்ணும் கொண்டாரலையா?”

“வெறுங்கையா வந்திருக்கறேனுங்க.” கையை விரித்துக் காட்டினாள்.

சாமி கையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். தலையிலிருந்து செருப்பு வரைக்கும், ஏலப் பொருளைப் பார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்தார்.

பிறகு எழுந்து கல்மேடைக்குப் போனார்.

ரேடியோவையும் டிபன் பாக்ஸையும் இந்தப் பக்கம் நகர்த்தினார். ஃபேனையும் குடையையும் அந்தப் பக்கம் நகர்த்தினார். நடுவில் இடம் விழுந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்த இடத்தைத் தட்டிவிட்டார்.

“வாங்க.”

“எங்கீங்க?”

“இங்கதான். ஏறி உக்காருங்க.”

“நானுங்களா?” அவள் சிரிக்கப் பார்த்தாள். “வேண்டாததை வெக்கற எடமுங்களே சாமி அது.”

சாமி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

மயிலாத்தாள் மேடையைப் பார்த்தாள்.

அவள் பாட்டுக் கேட்ட ரேடியோ. அவள் தலைமாட்டு ஃபேன். அவள் பிடித்துப் பிடித்துக் கைப்பிடி வழுவழுப்பான குடை. அவள் பெயர் கீறிய டிபன் பாக்ஸ். நடுவில் காலியாக ஓர் இடம்.

விரல் நுனியில் ஏதோ தட்டியது.

மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை வந்தது. யாருக்காக அழுகிறோம் என்று முதலில் அவளுக்கே தெரியவில்லை. தெரிந்தபோது இன்னும் அதிகமாக வந்தது. சாமி சோற்றுப் பானையைத் திறந்து பார்க்கப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது அவள் டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“இதை நான் திருப்பி எடுத்துக்கலாமுங்களா?”

“எதுக்கு?”

மூடியில் கீறியிருந்த பெயரை விரலால் தடவினாள். அந்த வார்த்தை வாய்க்குப் பழக்கமில்லாமல் போயிருந்தது.

“பசிக்குதுங்க.”

சாமி பாக்ஸை வாங்கிக் கழுவினார். சோறு போட்டார், குழம்பு ஊற்றினார். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். யாருக்கும் எடுத்து வைக்காமல், பாதியில் எழுந்து ஓடாமல், வழித்துச் சாப்பிட்டாள். மறுசோறு கேட்டு வாங்கினாள்.

கை கழுவிவிட்டுக் கல்மேடையை மறுபடி பார்த்தாள்.

“சாமி.”

“ம்.”

“அடுத்த வாரம் அந்தப் புறாக் கூண்டைக் கொண்டாந்தா, வெக்க எடம் இருக்குமுங்களா?”

“ஒரு ஆளு உக்கார்ற எடம் இருக்குதே,” என்றார் சாமி. “போதாதா?”