மூன்று பூட்டுப் போட்ட பெட்டி

திண்டுக்கல்லில் ஓர் அறக்கட்டளை இருக்கிறது. பெயர் வேண்டாம். ஆதரவில்லாத இளம்பிள்ளைகளுக்கு விடுதி நடத்துகிறவர்களிடம் போய், அதை ஒழுங்காக நடத்தும் முறையைச் சொல்லித்தருவதுதான் அதன் வேலை. தானாக ஒரு விடுதியும் நடத்தாது. அதன் பொறுப்பில் மூன்று பேர். தலைவி தில்லைநாயகி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. செயலாளர் குருபாதம், வக்கீல். இயக்குநர் பெனடிக்டா, மூவரில் வயது குறைந்தவர், தினமும் அலுவலகம் வருபவர். அவர்களுடைய வண்டியைப் பதினோரு வருடம் நான் ஓட்டினேன்.

விடுதிக்கு விடுதி ஒரு தகரப் பெட்டி மாட்டியிருந்தார்கள். பிள்ளைகள் தங்கள் குறையை எழுதிப் போடலாம். முதலில் அதற்கு ஒரு பூட்டுதான். முன்பிருந்த ஒரு செயலாளர் தனியாகத் திறந்து படித்துவிட்டு, வார்டனுக்குப் போன் செய்து எழுதியவள் பெயரையும் சொல்லிவிட்டார். மறுவாரம் அந்தப் பெண் விடுதியில் இல்லை. அதன் பிறகு மூன்று பூட்டு வந்தது. ஆளுக்கு ஒரு சாவி. மாதத்தின் முதல் திங்கட்கிழமை மூவரும் ஒன்றாக நின்றுதான் திறப்பார்கள். வேறு நாளில் யாரும் தொடுவதில்லை என்று தில்லைநாயகி விடுதி விடுதியாகப் போய்ப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்தார். ஏற்பாடு நல்லதுதான். அதில் குறை சொல்ல மாட்டேன்.

ஜூன் மாதக் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, பெண்கள் விடுதி ஒன்றில் புத்தகக் கட்டு இறக்கப் போனேன். பன்னிரண்டாவது முடித்த முத்துப்பேச்சி என்ற பெண் கட்டைத் தூக்குகிறவள் போல வண்டிப் பக்கம் வந்தாள்.

"தாத்தா, பெட்டியில ஒண்ணு எழுதிப் போட்டிருக்கேன். திங்கக்கிழமை வரைக்கும் தாங்காது. மேடத்தை இப்பவே வந்து திறக்கச் சொல்லுங்க. நான்தான் எழுதினேன்னு வார்டனுக்குத் தெரிஞ்சாலும் பரவாயில்ல. நான் சொன்னதாவே சொல்லுங்க."

"என்னத்தா எழுதினே?"

வார்டன் ஜன்னலுக்கு வந்தார். அவள் கட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிள்ளைகளின் போன்கள் வார்டனின் அலமாரியில்தான் இருக்கும். அவளாக யாரையும் கூப்பிட முடியாது.

அன்று மாலை அலுவலகத்தில் மூவரும் இருந்தார்கள். அவள் சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன்.

தில்லைநாயகி கண்ணாடியைக் கழற்றினார். "ஆண்டிச்சாமி, நாள் குறிச்சு வாக்குக் கொடுத்திருக்கோம். நடுவுல போய்த் திறந்தா எழுதினது யாருன்னு வார்டன் அன்னைக்கே கண்டுபிடிச்சிடுவாங்க. முன்னாடி ஒருத்தி போனது மறந்துபோச்சா? திங்கக்கிழமை பார்ப்போம்."

குருபாதம் சிரித்தார். "டீச்சருக்கு மணி அடிச்சாத்தான் வகுப்பு. இந்தாங்க என் சாவி. நான் நாளைக்கு ஒரு கேஸுக்குச் சென்னை போறேன். நீங்க ரெண்டு பேரும் என்ன முடிவெடுத்தாலும் எனக்குச் சம்மதம்." சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை காலை பெனடிக்டா, "வண்டியை எடுங்கண்ணே" என்றார். விடுதிக்குப் போனோம். அந்தப் பெண்ணை மட்டும் தனியாகக் கூப்பிட்டால் சந்தேகம் வரும் என்று, வழக்கமான பார்வையிடல் போல எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்து ஒவ்வொருவரிடமும் கேட்டார். வார்டன் பக்கத்திலேயே நின்றார்.

"உனக்கு ஏதாவது குறை இருக்காம்மா?"

முத்துப்பேச்சி தரையைப் பார்த்தாள். "இல்ல மேடம்."

திரும்பி வந்தோம். வழியில் பெனடிக்டா, "அவளே இல்லேங்கிறாளே" என்றார். நான் கியரை மாற்றினேன்.

திங்கட்கிழமை மூவரும் சேர்ந்து திறந்தார்கள். ஒரே கடிதம். மதுரை நர்சிங் கல்லூரி ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் மூலச் சான்றிதழ்களோடு நேரில் வரவேண்டும், வராவிட்டால் இடம் அடுத்தவருக்கு. சான்றிதழ்களை வார்டன் வைத்துக்கொண்டு, ஒரு வருடம் இங்கேயே சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இரு, பிறகு தருகிறேன் என்கிறார். வாங்கிக் கொடுங்கள். இவ்வளவுதான் எழுதியிருந்தாள். வெள்ளிக்கிழமை போய் மூன்று நாள் ஆகியிருந்தது.

ஒருவர் கொடுத்த வாக்கைக் காத்தார். ஒருவர் தன் சாவியைத் தடையாக வைக்காமல் கொடுத்தார். ஒருவர் நேரில் போய்க் கேட்டார். மூவருமே அந்தப் பெண்ணுக்கு நல்லது நினைத்துத்தான் செய்தார்கள். படிக்கிறவர்கள் நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள்: இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: ஒருவரும் இல்லை. பெனடிக்டா என்றுதான் பலரும் சொல்வீர்கள். ஆனால் பெட்டியைத் திறக்காமல், சான்றிதழ்களைப் பிடித்துவைத்திருக்கும் வார்டனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்ட கேள்விக்கு அந்தப் பெண் வேறு என்ன சொல்வாள்? குருபாதம் கொடுத்தது சாவி அல்ல, தன் பங்குப் பொறுப்பு. தில்லைநாயகியின் வாக்கு பிள்ளைகளைக் காக்கக் கொடுத்த வாக்கு. அது அவர்களுக்குச் சொந்தம். பெட்டியில் இருந்த ஒரே கடிதத்தின் சொந்தக்காரி, எனக்கு அந்தக் காவல் வேண்டாம், திறங்கள் என்று செவ்வாய்க்கிழமையே சொல்லி அனுப்பிவிட்டாள். அதற்குமேல் காப்பதற்கு அங்கே வாக்கு எதுவும் இல்லை. டிரைவர் வாயால் வந்த பேச்சு என்பதால் மூவர் காதிலும் அது ஏறவில்லை. வியாழக்கிழமை வண்டியில் இன்னொரு தடவை நானும் சொல்லவில்லை. முத்துப்பேச்சி அந்த விடுதியிலேயே சின்னப் பிள்ளைகளுக்குத் தலை வாரிவிடுகிறாள். போன மாதமும் மூவரும் சேர்ந்து பெட்டியைத் திறந்தார்கள். ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. இந்த விடுதியில் குறை ஏதும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள்.