கறுப்புத் துணியில் விழுந்த வெளிச்சம்

ஒரு காலத்தில் ஒளியின் வீட்டில் நான்கு பிள்ளைகள் இருந்தார்கள். ஊர் உலகத்து வெளிச்சத்தை எல்லாம் அளந்து சொல்வதுதான் அவர்கள் பிழைப்பு.

மூத்தவன் கேண்டெலா. ஒரு விளக்கு ஒரு திசையில் எவ்வளவு வீரியமாக எரிகிறது என்று சொல்வான். கலங்கரை விளக்கத்தில் கௌரவமான உத்தியோகம். அடுத்தவன் லூமன். விளக்கு நாலா பக்கமும் கொட்டுகிற மொத்த வெளிச்சத்துக்கும் அவன் பொறுப்பு. பல்பு அட்டைப்பெட்டிகளில் அவன் பெயரைப் பெரிதாக அச்சடித்து வைத்திருப்பதால் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. மூன்றாமவன் லக்ஸ். மேசையிலோ தரையிலோ எவ்வளவு வெளிச்சம் வந்து விழுகிறது என்று பார்ப்பவன். சொன்ன வேலையைச் செய்வான், சொல்லாத வேலையை எட்டியும் பார்க்க மாட்டான். அதனால் ஆபீஸ்களிலும் கம்பெனிகளிலும் அவனுக்கு ஏக மதிப்பு.

கடைக்குட்டி நிட். ஒரு பொருளிலிருந்து புறப்பட்டு நம் கண்ணை நோக்கி வருகிற வெளிச்சம் எவ்வளவு என்று பார்ப்பது அவன் வேலை. கண்ணுக்கு வந்து சேர்வதுதானே முக்கியம், இவனைத்தானே முதலில் கூப்பிட்டிருப்பார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். யாரும் கூப்பிடவில்லை. பார்க்கிறவரின் இடத்தில் போய் நின்று பார்த்தால்தான் நிட்டால் கணக்குச் சொல்ல முடியும். அந்த இடத்துக்குப் போய் நிற்க யாருக்கு நேரம் இருக்கிறது? கடைசியில் டிவியிலும் கைப்பேசித் திரையிலும்தான் அவனுக்குச் சோறு கிடைத்தது.

அப்படி அவன் குடியிருந்த கைப்பேசிகளில் ஒன்று மயிலாத்தாளுடையது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டுகிறவள் அவள். மூலையில் விரிசல் விட்ட கைப்பேசி. காலையில் வேலைக்குள் நுழையும்போது எல்லோரும் தங்கள் கைப்பேசியைச் சூப்பர்வைசர் மேசையில் இருக்கும் பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆகவே நிட்டின் பகல் பொழுது அந்தக் கூடையில் கழிந்தது. அங்கிருந்து பார்த்தால் மயிலாத்தாளின் மிஷின் தெரியும்.

போன மாதம் வரை வெள்ளைத் துணி தைத்தாள், ஒரு குறையும் இல்லை. இந்த மாதம் அவள் வரிசைக்குக் கறுப்பு பனியன் வந்தது. கறுப்புத் துணி, கறுப்பு நூல். தையல் கோணிக்கொண்டு போயிற்று. அவள் தைத்த பீஸ்கள் பாதிக்குப் பாதி திரும்பி வந்தன. குனிந்து குனிந்து மூக்கு துணியில் முட்டுகிற அளவுக்கு அவள் வேலை செய்வதை நிட் தினமும் பார்த்தான். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியிருந்தது, அதுதான் கொடுமை.

ஒரு நாள் அவள் சூப்பர்வைசர் ஈஸ்வரமூர்த்தியிடம் வந்து நின்றாள்.

"ஏனுங் சார், இந்தக் கறுப்புல ஊசி எங்க எறங்குதுன்னே தெரிய மாட்டேங்குதுங். மிஷின்ல ஒரு சின்ன லைட்டு மாட்டிக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகுமுங்."

"உங்களுக்கு ஒண்ணு மாட்டுனா லைன் முழுக்கக் கேப்பாங்கக்கா. நாளைக்கு மீட்டர் வெச்சுப் பாக்க ஆள் வருது. வெளிச்சம் பத்தலைன்னு வந்தா நானே மாட்டித் தர்றேன். பத்தும்னு வந்துச்சுன்னா கோளாறு உங்க கண்ணுலதான். கண்ணு தெரியாத ஆளை வெச்சு நான் எப்படி டெலிவரி குடுக்கறது? நீங்களே சொல்லுங்க."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அவளுடைய அம்மாவுக்கும் இப்படி நாற்பதைத் தாண்டியதும் பார்வை மங்கியது. அந்தப் பயம் வேறு அவளைப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் கிரிதரன் என்கிற அலுவலர் வந்தார். ஒரு சின்னப் பையிலிருந்து மீட்டரை எடுத்துக் கைப்பேசிக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தார். அதற்குள் இருந்தவன் லக்ஸ்.

"அண்ணா!" என்றான் நிட். எத்தனையோ காலத்துக்குப் பிறகு சொந்தத்தில் ஒருவனைப் பார்த்த சந்தோஷம்.

"அடேடே, நீயா? இந்த ஓட்டைக் கைப்பேசியிலா இருக்கிறாய்?" என்று லக்ஸ் கேட்டான்.

நிட் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அண்ணா, அதோ அந்த மிஷினில் இருக்கிற அக்காவுடைய வேலை இன்றைக்கு உன் வாயில் இருக்கிறது. அவள் தைப்பது கறுப்புத் துணி. நீ எவ்வளவு வெளிச்சத்தை அதன்மேல் எண்ணினாலும் அது விழுங்கிவிடும். திரும்பி வருவது சொற்பம். கொஞ்சம் பார்த்துச் சொல்."

"திரும்பி வருவது என் துறை இல்லையே தம்பி."

"எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன். என்னையும் கூட்டிக்கொண்டு போ."

"என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்" என்றான் லக்ஸ். கர்வமாகச் சொல்லவில்லை, ஒரு விஷயத்தைத் தெரிவிக்கிற மாதிரி சொன்னான். அதற்குள் கிரிதரன் மீட்டரைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

முதலில் பக்கத்து வரிசை மிஷின் ஒன்றில் பார்த்தார்கள். அங்கே வெள்ளைத் துணி ஓடிக்கொண்டிருந்தது. மீட்டரின் முகத்தைக் கூரை விளக்கைப் பார்க்க மல்லாத்தி வைத்தார் கிரிதரன். லக்ஸ் நாணயமாக எண்ணிச் சொன்னான். அறுநூறு.

அடுத்து மயிலாத்தாளின் மிஷின். கறுப்புத் துணியின்மேல் மீட்டரை அதே மாதிரி மல்லாத்தி வைத்தார். மயிலாத்தாள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாமி குத்தம் ஏதும் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்கிற முகம். லக்ஸ் மறுபடியும் நாணயமாக எண்ணினான். அதே அறுநூறு.

"ஐந்நூறு இருந்தாலே போதும். இங்க தாராளமா இருக்கு" என்றார் கிரிதரன்.

அந்த நேரத்தில் அவருக்கு ஏதோ அழைப்பு வந்தது. பேசிக்கொண்டே மீட்டரைத் துணிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டார். லக்ஸின் முகம் முதல் தடவையாகத் துணியைப் பார்த்தது. எண்ணுவதற்கு அங்கே அனேகமாக ஒன்றும் இல்லை. அறுநூறு என்ற எண் சரிந்து சரிந்து அடிமட்டத்துக்குப் போயிற்று. கண்ணெதிரே இருக்கிற துணி இருட்டாக இருந்தது, இத்தனை வெளிச்சத்துக்கு நடுவில்.

கிரிதரன் பேசி முடித்துவிட்டு எண்ணைப் பார்த்தார். "இதென்ன, பேட்டரி போச்சா?" என்று மீட்டரை மறுபடி மல்லாத்தினார். அறுநூறு வந்தது. "ம், சரியாத்தான் இருக்கு."

மீட்டர் மேசைக்குத் திரும்பி வந்தது. லக்ஸ்தான் ஆரம்பித்தான்.

"நான் பொய் சொல்லவில்லையே தம்பி."

"பொய் சொல்லியிருந்தால் என்றைக்காவது ஒரு நாள் மாட்டிக்கொண்டிருப்பாய் அண்ணா. நீ உண்மையைச் சொன்னாய். இனி அவள் யாரிடம் போய் முறையிடுவாள்?"

கிரிதரன் மீட்டரைப் பைக்குள் போட்டு மூடினார். அடுத்த கம்பெனியில் ஆள் காத்திருந்தது.

மயிலாத்தாளும் மேசைக்கு வந்தாள். சண்டை போடுவாள், அழுவாள் என்று நிட் எதிர்பார்த்தான். அவள் மன்னிப்புக் கேட்டாள்.

"என்ற கண்ணுதானுங் சார் கெட்டுப் போச்சு. அது தெரியாம உங்க மேல போய்க் கொறை சொல்லிட்டனுங். மனசுல வெச்சுக்காதீங்."

"அட விடுங்கக்கா. கண்ணைச் சரி பண்ணிட்டு வாங்க, பாக்கலாம்" என்றார் ஈஸ்வரமூர்த்தி. பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். கூடையிலிருந்து கைப்பேசியை எடுத்துக்கொண்டு, உடன் வேலை செய்தவர்களிடம் சொல்லிக்கொள்ளக்கூட நிற்காமல் வெளியே போனாள்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து மகள் கோகிலாவை அழைத்தாள். கோயம்புத்தூரில் நர்ஸ் வேலை பார்க்கிறவள் கோகிலா. "எங்கியாச்சும் கண் முகாம் இருந்தா பார்த்து அனுப்பு சாமி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒரு நோட்டீஸின் படம் வந்து சேர்ந்தது.

மயிலாத்தாள் திரையின் வெளிச்சத்தைக் கூட்டினாள். நிட் தன்னிடம் இருந்ததை எல்லாம் கொட்டினான். வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்துகள் பளிச்சென்று நின்றன. அவள் உதடு அசைய வாசித்தாள். முகாம் நடக்கிற பள்ளிக்கூடத்தின் பெயர், பஸ் நம்பர், ஆதார் நகல் கொண்டு வரவும், பழைய கண்ணாடி இருந்தால் எடுத்து வரவும். எல்லாவற்றுக்கும் கீழே எறும்பு மாதிரிப் பொடியாக இருந்த அச்சகத்தின் பெயர் வரைக்கும் ஓர் இடத்தில்கூடத் தடுமாறாமல் வாசித்தாள்.

வாசித்து முடித்ததும் மறுபடி மகளை அழைத்தாள்.

"பார்த்துட்டேன் சாமி. ஞாயித்துக்கிழமை போறேன்" என்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உன்ற அம்மாவுக்குக் கண்ணு போயிருச்சு" என்றாள்.

கணக்குச் சொல்ல நிட் அவள் உள்ளங்கையிலேயே இருந்தான். கேட்கத்தான் ஆள் இல்லை.