நாட்டிலேயே மட்டமான கடற்கரை

கடலில் நீலாயி என்ற ஆமை ஒன்று இருந்தது. அதற்கு அதுதான் தலைப்பிரசவம். வயிறு நிறைய முட்டை. கரையேறி மணலில் முட்டையிட வேண்டும். எந்தக் கரையில் ஏறுவது? அதுதான் தெரியவில்லை.

'என் பிள்ளைகள் கண் திறந்ததும் முதலில் பார்க்கப்போவது அந்த மணலைத்தான். ஏனோதானோ என்று ஓர் இடத்தில் போட்டுவிட முடியுமா? நாட்டிலேயே சிறந்த கடற்கரையாக இருக்க வேண்டும்!' என்று நீலாயி நினைத்தது.

அப்போது மிதந்துகொண்டிருந்த அதன் முதுகில் பொத்தென்று யாரோ வந்து இறங்கினார்கள்.

"என்னக்கா, முகம் வாடிக்கிடக்கு?"

பார்த்தால், சிங்காரம் என்ற கடற்காகம். எப்போதும் இறக்கையைக் கோதி, பளபளவென்று இருக்கும். ஓரிடத்தில் கால் தரிக்காது.

நீலாயி தன் கவலையைச் சொன்னது. சிங்காரம் கடகடவென்று சிரித்தது.

"இதுக்கா இந்தக் கவலை? இந்த நாட்டுக் கடற்கரை அத்தனையும் எனக்கு அத்துப்படி! என் பின்னாடி வாங்க. முதல் தரமான இடமாக் காட்டுறேன்!"

"உண்மையிலேயே நல்ல கரைதானா, தம்பி?"

"அக்கா! நான் ஒரு கரையை நல்லதுன்னு சொன்னா, அது நல்லதுதான்!"

சிங்காரம் மேலே பறந்தது. நீலாயி கீழே நீந்தியது. மாலை நேரத்தில் ஒரு பெரிய பட்டணத்தின் கரைக்கு வந்து சேர்ந்தார்கள்.

அடேயப்பா! மணல் தெரியவில்லை, மனிதர்கள்தான் தெரிந்தார்கள். ராட்டினம் சுற்றியது. பலூன்கள் வெடித்தன. குதிரைகள் ஓடின. எண்ணெய்ப் புகை கண்ணைக் கரித்தது.

"இதுதான் நாட்டிலேயே சிறந்த கடற்கரை!" என்று சிங்காரம் நெஞ்சை நிமிர்த்தியது. "போங்கக்கா, தைரியமா ஏறுங்க!"

நீலாயி தயங்கித் தயங்கிக் கரையேறியது. கொஞ்ச தூரம் ஊர்ந்து, மூச்சு வாங்கி, கண்ணை மூடி ஒரு நிமிடம் ஓய்வெடுத்தது. அவ்வளவுதான். ஒரு குண்டு மனிதர் வந்தார். அதன் முதுகில் கைக்குட்டையை விரித்தார். சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்!

"நல்ல வழவழன்னு கல்லு கிடைச்சுது. வா, நீயும் உட்காரு," என்று மனைவியைக் கூப்பிட்டார்.

"சட்னியைக் கொட்டிக்காதீங்க," என்றாள் அந்த அம்மாள்.

கொட்டிவிட்டார். காரச் சட்னி நீலாயியின் கழுத்துக்குள் வழிந்தது. சுரீரென்று எரிந்தது. நீலாயி பதறிப்போய்க் கடலை நோக்கி நகர்ந்தது.

"ஐயோ! கல்லு நடக்குதுடீ!" என்று அந்த மனிதர் அலறிக்கொண்டு தலைகுப்புற விழுந்தார்.

ஒரே கூச்சல். அந்தக் கூச்சலில் நீலாயி எப்படியோ தண்ணீருக்குள் பாய்ந்தது. கழுத்தைக் கழுவிக்கொண்டு சிங்காரத்தை முறைத்தது.

"இதுவா சிறந்த கரை?"

"பின்னே? மிளகாய் பஜ்ஜி கிடைக்கும்! சுண்டல் கிடைக்கும்! அந்த ஆளு விழுந்தாரே, அவர் கையிலிருந்து எத்தனை பஜ்ஜி சிதறுச்சு தெரியுமா? எல்லாம் எனக்குத்தான்!"

"நான் பஜ்ஜிக்கா வந்தேன்?"

"சரி, சரி. கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு அமைதியான இடம் வேணும். அவ்வளவுதானே? வாங்க!"

மறுநாள் வேறொரு கரை. அங்கே ஒரு பெரிய சொகுசு விடுதி இருந்தது. மணல் சர்க்கரை போல வெள்ளை வெளேரென்று மின்னியது. ஒரு குப்பை இல்லை; ஒரு சுள்ளி இல்லை. வரிசையாகக் குடைகள், சாய்வு நாற்காலிகள். தென்னை மரத்துக்குத் தென்னை மரம் விளக்கு.

நீலாயிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. 'இங்கேதான்! இதைவிட அழகான இடம் எங்கே கிடைக்கப்போகிறது?' என்று ஆசையோடு தலையை நீட்டிப் பார்த்தது.

அப்போது மணலுக்குள்ளிருந்து ஒரு நண்டு வெளியே வந்தது. அதன் பெயர் பிச்சம்மா. வரும்போதே ஒரு கை மணலை வாரி வெளியே வீசியது.

"யாரும்மா நீ? வீடு பார்க்க வந்தியா?"

"ஆமாக்கா. முட்டையிட இடம் தேடுறேன்."

"இங்கேயா? நல்லா இருக்கு போ!" பிச்சம்மா கொடுக்கை இடுப்பில் வைத்துக்கொண்டது. "தினமும் காலையில ஒரு வண்டி வரும். சீப்பு மாதிரி அதுக்குப் பல்லு. இந்த மணலைக் கிளறி, வாரி, வகிடெடுத்துட்டுப் போகும். என் வீடு தரைமட்டம்! தினம் தினம் புது வீடு கட்டுறேன். தினம் தினம் பால் காய்ச்சுறேன்! சொந்தக்காரங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கே வெட்கமாப் போச்சு. அவங்களும் இப்பல்லாம் மொய் வைக்கிறதில்லை!"

நீலாயிக்குத் திக்கென்றது. "அப்போ என் முட்டை?"

"ஆம்லெட்தான்!"

"ஒருவேளை தப்பிச்சு என் பிள்ளைங்க வெளியே வந்தா?"

"வந்தா, ராத்திரியெல்லாம் இத்தனை விளக்கும் எரியுமே, இதையே கடல் மேல பட்டுத் தெறிக்கிற வெளிச்சம்னு நினைக்கும். நேரா விடுதிச் சமையல்கட்டுக்குள்ள போய் நிக்கும்."

நீலாயி திரும்பி நீந்தியது. சிங்காரம் பின்னாலேயே பறந்து வந்தது.

"அந்த வண்டியைப் பத்தி நீ ஏன் சொல்லலை?" என்று நீலாயி கேட்டது.

"அதுதானே அந்தக் கரைக்கே சிறப்பு! வண்டி போன தடத்துல புழு, பூச்சி எல்லாம் தானா மேல வரும். நான் பாட்டுக்குப் பின்னாடியே நடந்து போய்க் கொத்திக்குவேன். உட்கார்ந்த இடத்துல விருந்து! உங்களுக்கு எதைக் காட்டினாலும் பிடிக்க மாட்டேங்குது. ரசனையே இல்லையக்கா உங்களுக்கு!"

நீலாயிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வயிறு கல்லாகக் கனத்தது. துடுப்புகள் ஓய்ந்துபோயின. இனி ஒரு நாள்கூடத் தாங்காது. இன்று பொழுது சாய்வதற்குள் கரையேறாவிட்டால் கடலுக்குள்ளேயே முட்டைகள் விழுந்துவிடும். தண்ணீரில் விழுந்த முட்டை பிழைக்காது.

அந்த நேரம் பார்த்து, கரையிலிருந்து ஒரு தேன் குரல் கேட்டது.

"வாங்க தாயி, வாங்க! ஏன் தண்ணியிலேயே நிக்கிறீங்க?"

பனங்காட்டை ஒட்டிய ஒரு வெறும் மணற்கரை. கரையில் ஒரு நரி, முன்னங்கால்களைக் கூப்பிக்கொண்டு நின்றது. அதன் பெயர் தங்கப்பழம்.

"நாட்டிலேயே சிறந்த கரை இதுதான், தாயி! பஞ்சு மாதிரி மணல். விளக்கு இல்லை. வண்டி இல்லை. மனுஷ வாடையே இல்லை!"

நீலாயி சுற்றிலும் பார்த்தது. உண்மைதான். எல்லாம் நரி சொன்னபடியே இருந்தது. நிம்மதியோடு முன்துடுப்பு இரண்டையும் மணலில் ஊன்றியது.

"ரொம்ப நன்றி, அண்ணாச்சி."

"நன்றி எதுக்கு? ஆமா, எந்த இடத்துல போடப்போறீங்க? இங்கேயா, அங்கேயா? ஒரே குழியா, ரெண்டு குழியா? போட்டதும் ஒரு அடையாளம் வெச்சிடுவோம். நான் பக்கத்துலயே படுத்துக் காவல் காக்குறேன்!"

இத்தனை கேள்வியா! நீலாயி ஊன்றிய துடுப்பை அப்படியே நிறுத்திக்கொண்டது.

"எனக்கு முன்னாடி இங்கே யாராவது முட்டையிட்டிருக்காங்களா, அண்ணாச்சி?"

"ஏன் இல்லாம? போன வருஷம் எத்தனையோ தாய்மார்!"

"அந்தப் பிள்ளைங்க எல்லாம் இப்போ எங்கே?"

"எங்கேயும் போகலை, தாயி. எனக்குள்ளேதான் இருக்காங்க!" என்றது தங்கப்பழம். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டது. "அதாவது... என் மனசுக்குள்ள! மறக்க முடியுமா?"

நீலாயிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் அதை வெளியே காட்டவில்லை. இப்போது திரும்பி ஓடினால் நரி சும்மா இருக்குமா? கரையோரமாகவே கூட ஓடி வரும். எங்கே ஏறினாலும் அங்கே வந்து நிற்கும். இந்தச் சிங்காரமோ எங்கே நல்ல இடம் என்று கேட்டால் அடுத்த பஜ்ஜிக் கடையைக் காட்டும். என்ன செய்வது?

நீலாயி யோசித்தது. இத்தனை நாளும் எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டோம். அதைத் திருப்பிப் போட்டுக் கேட்டால் என்ன?

"அண்ணாச்சி, தம்பி! நீங்க ரெண்டு பேரும் எவ்வளவோ விஷயம் தெரிஞ்சவங்க," என்று நீலாயி பணிவாகப் பேசியது. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. என்னை மாதிரி இன்னும் பல பேர் வருவாங்க. அவங்ககிட்ட நான் சொல்லணும். நாட்டிலேயே மட்டமான கடற்கரை எது? தவறிப்போய்க்கூடக் கால் வைக்கக் கூடாத கரை எது?"

நரியும் கடற்காகமும் ஒரே குரலில் கத்தின.

"முள்ளித்திட்டு!"

"அப்படியா! அது ஏன்?"

"ஒரு கடலைப் பொட்டலம் உண்டா? ஒரு சுண்டல் உண்டா? மனுஷனே வர மாட்டான்!" என்றது சிங்காரம். "பொழுது சாய்ஞ்சா ஒரு விளக்கு எரியாது. என் மூக்கே என் கண்ணுக்குத் தெரியாது!"

"அதை விடு!" என்று தங்கப்பழம் குறுக்கே விழுந்தது. "கரை முழுக்க இராவணன் மீசைன்னு ஒரு முள்புல்லு. ஊசி ஊசியா இருக்கும். நான் ஒரு தடவை கால் வெச்சேன். மூணு காலால நடந்து வீட்டுக்கு வந்தேன்!"

"அதுக்கப்புறம் போகலையா, அண்ணாச்சி?"

"எங்கே போறது? அடுத்த மழையில ஆறு உடைச்சுக்கிட்டு முகத்துவாரம் குறுக்கே வந்திடுச்சு. இப்போ அது தீவு. எங்க இனத்துல ஒருத்தரும் அந்தப் பக்கம் போக முடியாது. அந்த இழுப்புல நீந்திப் பார்த்தேன். என் வால் நுனி ஒண்ணுதான் நனையலை!"

"மேடு வேற!" என்றது சிங்காரம். "எவ்வளவு பெரிய அலை வந்தாலும் மேல ஏறாது. ஈரம் இல்லாத மணல்ல புழு எங்கே இருக்கும்? தரித்திரம் பிடிச்ச இடம்!"

"அய்யய்யோ!" என்று நீலாயி கன்னத்தில் போட்டுக்கொண்டது. "அது எந்தப் பக்கம் இருக்கு? தெரியாம அந்தப் பக்கம் போயிடப் போறேன்!"

"அதோ, அந்த ஒத்தைப் பனை தெரியுதே, அதைத் தாண்டினா அதுதான்!" என்று இருவரும் போட்டி போட்டுக்கொண்டு காட்டினார்கள்.

"நல்ல வேளை, சொன்னீங்க!" என்றது நீலாயி. "சரி, அண்ணாச்சி, நான் இங்கேயே முட்டையிடுறேன். ஆனா என் துடுப்பு ரெண்டும் ஓய்ஞ்சுபோச்சு. எனக்காக நீங்க ஒரு குழி தோண்டித் தருவீங்களா? அதுக்குள்ள நான் ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துடறேன்."

தங்கப்பழத்தின் வாயில் எச்சில் ஊறியது. "இதைச் சொல்லணுமா, தாயி!" என்று நான்கு காலும் பறக்கத் தோண்ட ஆரம்பித்தது.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம் ஆழம், அண்ணாச்சி!" என்று நீலாயி தண்ணீரிலிருந்து குரல் கொடுத்தது.

சிங்காரம் குழியின் விளிம்பில் உட்கார்ந்து மேஸ்திரி வேலை பார்த்தது. "இடது பக்கம் கோணலா இருக்கு! இன்னும் ஒரு கை எடு! நீ தோண்டுற லட்சணமா இது?"

"நீ வந்து தோண்டிப் பார்றா!"

"எனக்கு எதுக்குடா குழி?"

இருவரும் சண்டை போட்டுக்கொண்டே இருந்தார்கள். நரியின் வயிறு மறைந்தது, முதுகு மறைந்தது. கடைசியில் காது நுனியும் மறைந்தது. நீலாயி ஓசைப்படாமல் மூழ்கி, ஒற்றைப் பனையை நோக்கி நீந்தியது. அது பனையைத் தாண்டும்போது, ஓதம் ஏறிவந்த கடல் ஒரு பெரிய அலையை அந்தக் குழிக்குள் ஊற்றியது. குழிக்குள்ளிருந்து "தாயி! தாயி!" என்று குளறலாக ஒரு சத்தம் மட்டும் கேட்டது. பிறகு நரி நனைந்த கோணிப்பை போல மேலே ஏறி வந்து, தும்மிக்கொண்டே பனங்காட்டுக்குள் போனது.

பொழுது சாயும் நேரத்தில் நீலாயி முள்ளித்திட்டில் ஏறியது. நரி சொன்னதில் பொய்யே இல்லை. இராவணன் மீசை கழுத்தில் குத்தியது, துடுப்பில் கீறியது. முக்கி முனகி மேட்டில் ஏறியது நீலாயி. மணலைத் தொட்டுப் பார்த்தது. காய்ந்த மணல். பகல் வெயிலின் சூடு இன்னும் உள்ளே இருந்தது. கண்ணுக்கு எட்டிய வரை ஒரு விளக்கு இல்லை. ஒரு குரல் இல்லை.

ஓய்ந்துபோன துடுப்புகளால் தானே குழி தோண்டியது. முட்டைகளை இட்டது. இடும்போது அதன் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. வலியா, நிம்மதியா, அதற்கே தெரியவில்லை. மணலைத் தள்ளி மூடி, வயிற்றால் தட்டித் தட்டிச் சமன் செய்துவிட்டுக் கடலுக்குத் திரும்பியது.

ஆனால் தொலைவு போக அதற்கு மனம் வரவில்லை. முள்ளித்திட்டுக்கு எதிரே, ஆழம் இல்லாத தண்ணீரிலேயே சுற்றிச் சுற்றி வந்தது. நாட்கள் போயின. காற்று திசை மாறியது.

ஒரு விடியற்காலை, கிழக்கு வெளுக்கும் முன்பு, மேட்டு மணல் கொதிக்கும் சோறு போலக் குமிழியிட்டது. ஒரு சின்னத் தலை வெளியே வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு ஒரு கூட்டமே வந்தது! ஒன்றின் மேல் ஒன்று ஏறி, உருண்டு, புரண்டு, முள்புல்லுக்கு அடியில் நுழைந்து, நேராகக் கடலை நோக்கி ஓடி வந்தன.

"தள்ளாதே!"

"நீதான் என் தலையை மிதிச்சே!"

"தண்ணிடா! தண்ணி!"

நீலாயி பார்த்துக்கொண்டே இருந்தது. வேகமாக நீந்தி வந்த ஒரு குட்டி, அதன் மூக்கில் நேராக வந்து மோதியது. மோதிவிட்டு, இவ்வளவு பெரிய உருவத்தை ஏற இறங்கப் பார்த்தது.

"யாருங்க நீங்க, நடுவழியில நிக்கிறீங்க? கொஞ்சம் ஒதுங்குங்க, நாங்க நிறைய தூரம் போகணும்!"

"போங்க கண்ணு, போங்க!" என்று நீலாயி சிரித்துக்கொண்டே விலகி வழிவிட்டது.

ஓர் இடம் சிறந்தது என்று யாராவது சொன்னால், அது சொல்பவருக்குச் சிறந்ததா, போகிற நமக்குச் சிறந்ததா என்று கேட்டுப் பார்த்த பிறகுதான் கிளம்ப வேண்டும்.