நடுவுல நிக்காத கடல் சாமந்தி

"எந்த லைட்டப் போட்டாலும் அதுக்குப் பிடிக்கல, டீச்சர்."

சொன்னது தணிகாசலம். முப்பது வருஷமா கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் லைட் கட்டுறவரு. வயசு ஐம்பத்தாறு.

டீச்சருன்னா ரெஜினா. கொளத்தூர்ல வளர்ப்பு மீன் கடை. வயசு முப்பத்திரெண்டு. வீட்ல கடல்தண்ணித் தொட்டி வைக்கிறது எப்படின்னு ஞாயித்துக்கிழமை நாலு பேருக்குச் சொல்லிக் கொடுப்பாங்க. அந்த வகுப்புல தணிகாசலம்தான் தினமும் சந்தேகம் கேக்குறவரு. வகுப்பு வாரத்துக்கு ஒரு நாள்தான்.

அதுன்னு அவரு சொன்னது கடல் சாமந்திய. பூ மாதிரி விரியும். ஆனா உயிரு. அடியில ஒரு கால் இருக்கும். அத வச்சுப் பாறையப் பிடிச்சுக்கும். பாதிச் சாப்பாடு அதுக்கு வெளிச்சம்தான்.

"வெள்ளை போட்டேன். நகர்ந்துச்சு. நீலம் போட்டேன். நகர்ந்துச்சு. ரெண்டையும் கலந்து போட்டேன். பின்னாடி தண்ணி இழுக்குற பம்பு பக்கமே போயிடுச்சு."

"போனதும்?"

"குச்சியால மெதுவா நெம்பி, திரும்ப நடுப்பாறையில வச்சேன்."

"ஏன் நடுப்பாறை?"

தணிகாசலம் சிரிச்சாரு.

"ஃபோகஸ் அங்கதான அடிக்குது. மேடையில பொண்ணு மாப்ள ஓரமாப் போய் நின்னா விட்ருவோமா? நடுவுல இழுத்து நிறுத்துவோம்."

"நிப்பாங்களா?"

"நிக்காம? வீடியோக்காரன் கத்துவான்ல."

ரெஜினா வாளியில உப்பக் கரைச்சிட்டு இருந்தாங்க. தலை நிமிரல.

"முதல் ரெண்டு சாமந்தியும் எப்படிப் போச்சு?"

"இப்படித்தான். அலைஞ்சு அலைஞ்சு பம்பு வாய்க்குள்ள போய்க் கூழாயிடுச்சு."

"பம்பு வாயில ஸ்பாஞ்சு கட்டச் சொன்னேனே."

"பாக்க நல்லால்ல, டீச்சர்."

"மூணாவதும் போச்சுன்னா நாலாவது தரமாட்டேன். பக்கத்துக் கடையிலயும் தர வேணாம்னு சொல்லிடுவேன்."

அவரு சிரிப்பு நின்னுச்சு. அந்தச் சாமந்திக்குள்ள ரெண்டு ஆரஞ்சு மீன் குடியிருக்கு. அது நகர்ற எடத்துக்கெல்லாம் ரெண்டும் பின்னாடியே போகும். காலையில எந்திரிச்சதும் அவரு மூஞ்சி கழுவுறதுக்கு முன்னாடி அதுங்களத்தான் பாப்பாரு.

கடைக்குள்ள அப்படியும் இப்படியும் நடந்தாரு. மேல தொங்குற ஒவ்வொரு விளக்கையும் அண்ணாந்து பாத்தாரு.

"அந்த நீட்டு விளக்கு என்னது? அத எறக்குங்க. இல்ல, அந்த வட்டமா இருக்கிறத..."

"உக்காருங்க, அண்ணே."

ரெஜினா சிவப்பு ஸ்டூல் ஒண்ணக் கொண்டுபோய்க் கடை வாசல்ல போட்டாங்க. மே மாசம். மணி ரெண்டரை.

"இப்ப சொல்லுங்க. எத்தன வாட்ஸ் வேணும்?"

அவரு சொல்ல ஆரம்பிச்சாரு. சொல்லிக்கிட்டே ஸ்டூல இடது பக்கம் ஒரு முழம் நகர்த்தினாரு. அங்க போர்டோட நிழல் விழுந்துச்சு.

"எந்திரிங்க."

எந்திரிச்சாரு. ரெஜினா ஸ்டூல இழுத்துப் பழைய எடத்துல போட்டாங்க.

"உக்காருங்க. சொல்லுங்க."

ரெண்டு நிமிஷம் தாங்கினாரு. இந்தத் தடவ வலது பக்கம், நிறுத்தியிருந்த ஆட்டோ நிழலுக்குப் போனாரு.

ரெஜினா திரும்ப இழுத்துப் போட்டாங்க.

மூணாவது தடவ ஸ்டூலத் தூக்கிட்டுக் கடைக்குள்ளயே வந்துட்டாரு. வாளிக்கும் தொட்டிக்கும் நடுவுல செருகி உக்காந்தாரு.

"அங்க இருட்டா இருக்கு, அண்ணே. உங்க மூஞ்சி தெரியல. வாசலுக்கு வாங்க."

"மூஞ்சி எதுக்கும்மா? மண்ட காயுது."

"குடை தரட்டா? வெள்ளை இருக்கு, நீலம் இருக்கு."

"குடையெல்லாம் வேணாம். சும்மா விட்டாப் போதும். எனக்கு ஒத்துக்குற எடத்த நானே பாத்து..."

பாதியில நிறுத்தினாரு.

ரெஜினா உப்பக் கரைக்கப் போயிட்டாங்க.

அவரு போன் அடிச்சுச்சு. வீட்லேர்ந்து சம்சாரம். கத்திப் பேசுறவங்க. கடை முழுக்கக் கேட்டுச்சு.

"இந்தாங்க, அது மறுபடி கிளம்பிடுச்சு. பம்பு பக்கமாத்தான் போகுது. குச்சிய எங்க வச்சீங்க?"

தணிகாசலம் தான் தூக்கிட்டு வந்த ஸ்டூலக் குனிஞ்சு பாத்தாரு.

"காதுல விழுதா? ஓரத்துக்கே போயிடுச்சு."

"பம்ப நிறுத்து."

"நிறுத்திட்டேன். குச்சி எங்க?"

"குச்சி வேணாம்."

"அப்ப லைட்டயாவது மாத்தவா? அந்த நீலத்த?"

"லைட்டத் தொடாத."

ரெஜினா கைய நீட்டினாங்க. கையில ஒரு துண்டு ஸ்பாஞ்சு. அவரு வாங்கிச் சட்டப் பையில வச்சுக்கிட்டாரு.

"அப்ப நான் என்னதாங்க பண்றது?"

"ஒரு சேரப் போட்டு உக்காரு," ன்னாரு தணிகாசலம். "அது எங்க உக்காருதுன்னு பாரு."