ராஜாவுக்குப் பதிலாக நடந்தவன்

முன்னொரு காலத்தில், உழைக்கிறவனுக்கு ஆயுள் குறைவு, உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஆயுள்மேல் ஆசை என்றிருந்த நாளில், நெடுங்கரை நாட்டைக் குலதீபன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அந்த நாள் போய்விட்டதா என்று என்னைக் கேட்காதீர்கள். கதையைக் கேளுங்கள்.

குலதீபனுக்கு வயது நாற்பத்தைந்து. சிம்மாசனத்துக்கு மூன்று படி. மூன்றாவது படியில் மூச்சு வாங்க நின்றுவிடுவான். நூறு வயது வாழ்ந்துவிட வேண்டும் என்று அவனுக்குத் தீராத ஏக்கம். அரண்மனை வைத்தியர் சிகாமணிப் பண்டிதர் பத்து வருஷமாகத் தங்கபஸ்பம் சேர்த்த லேகியம் கொடுத்துவந்தார். அந்த லேகியம் பண்டிதரை நன்றாக வாழவைத்தது.

அப்போதுதான் ஆலம்பாடி ஏரியில் சடையாண்டி என்றொரு நீர்க்கட்டி இருப்பதாகச் செய்தி வந்தது. மடையைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடுவது அவர் வேலை. வயது எண்பத்தாறு. இன்னும் மூழ்கித்தான் மடையைத் திறக்கிறார் என்றார்கள். ராஜா பல்லக்கு அனுப்பினான். பெரியவர் அதில் ஏற மறுத்து நடந்தே வந்தார். தூக்கிகள் வெறும் பல்லக்கோடு அவர் பின்னால் ஓடிவந்தார்கள்.

என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று ராஜா கேட்டான். பெரியவர் தன் வழக்கத்தைச் சொன்னார். விடியுமுன் எழுந்து கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடை. கம்பங்கூழும் சின்ன வெங்காயமும். ஏரி கொடுத்தால் மீன். வயிற்றில் கொஞ்சம் இடம் இருக்கும்போதே எழுந்துவிடுவது. உச்சிவெயிலில் மர நிழல். சாயங்காலம் பெண்டாட்டி பேச்சியோடு கரையில் உட்கார்ந்து பேச்சு. விளக்கு வைத்ததும் தூக்கம்.

பண்டிதர் சிரித்தார். "கூழும் நடையும் மருந்தென்றால் இந்த நாட்டுக் கூலிக்காரன் ஒவ்வொருவனும் நூறு வயது வாழ வேண்டுமே, கிழவா."

"வாழ்வான் சாமி. நடை அவனுக்கு நிறையக் கிடைக்குது. கூழும் நிழலும்தான் கிடைக்க மாட்டேங்குது."

சபையில் யாரும் சிரிக்கவில்லை. பண்டிதர் அன்றே மனதில் கறுவிக்கொண்டார்.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. கஷ்டமான எதையும் ராஜா தானே செய்வதில்லை. விரதம் இருக்க ஓர் ஆள், கோயிலைச் சுற்ற ஓர் ஆள். பதிலாள் செய்தது ராஜா செய்ததாகவே சேரும் என்று ஏட்டில் எழுதிவைத்தவரும் இதே பண்டிதர்தான். அதன்படி இப்போதும் மூன்று பேரை நியமித்தார்கள். நடக்க ஒருவன், கூழ் குடிக்க ஒருவன், விளக்கு வைத்ததும் தூங்க ஒருவன். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் பார்ப்பது என்று முடிவாயிற்று. கிழவன் ஏதோ மூலிகையை மறைக்கிறான், அதுவரை அவனை வெளியே விடக்கூடாது, பலன் இல்லையென்றால் சிறையில் போட வேண்டும் என்றார் பண்டிதர். ராஜா தலையாட்டிவிட்டான்.

சடையாண்டிக்குப் பட்டு மெத்தை கொடுத்தார்கள், நெய்ச்சோறு கொடுத்தார்கள், கதவைச் சாத்தினார்கள். எண்பத்தாறு வருஷம் செய்யாததை அந்த மெத்தை செய்தது. முதுகு வளைந்தது, முழங்கால் வீங்கியது. கல்யாணமான நாளிலிருந்து பேச்சியைப் பார்க்காமல் அவர் ஒரு பொழுதைக் கழித்ததில்லை. வெயில் சாயும்போதெல்லாம் மேற்குச் சன்னலில் போய் நிற்பார். அந்தத் திசையில்தான் ஏரி. மேகம் அந்தப் பக்கம் இறங்கினால், மழைத்தண்ணீர் வருமே, மடையை யார் பார்ப்பது, அவள் இந்த வயதில் இறங்குவாளா என்று சன்னல் கம்பியிடம் கேட்டுக்கொண்டிருப்பார். உயிரோடு ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்றாகிவிட்டது அவருக்கு.

நாற்பத்தெட்டாம் நாள் சபை கூடியது. இப்போது ராஜா இரண்டாம் படியிலேயே நின்றுவிட்டான். பண்டிதருக்குச் சந்தோஷம். கிழவன் சொன்னது பொய், அவனே இளைத்துக் கிடக்கிறான், சிறைக்கு அனுப்புங்கள் என்றார்.

பதிலாட்கள் மூவரையும் கூப்பிடுங்கள் என்று சடையாண்டி கேட்டுக்கொண்டார். நடந்தவன் மூன்று படியையும் ஒரே தாவில் ஏறினான். மற்ற இருவரின் முகமும் விளக்கிவைத்த செம்பாக மின்னியது.

"மருந்து வேலை செஞ்சிருக்கு ராசா. ஆயுசுதான் ஆள் மாறிப் போயிருக்கு."

அதெப்படி, பதிலாள் செய்தது ராஜாவுக்குத்தானே சேரும் என்று பண்டிதர் ஏட்டைத் தூக்கிக் காட்டினார்.

"சரிங்க சாமி. அப்ப எனக்கும் ஒரு பதிலாள் வேணும். எனக்குப் பதிலா நீங்க சிறையில இருங்க. தண்டனை என்னைத்தானே வந்து சேரும்."

பண்டிதர் பதறிப்போனார். "எப்படிச் சேரும்? அங்கே கிடந்து நோகப்போவது என் உடம்பாயிற்றே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது. சபை முழுக்கச் சிரித்தது. ராஜா மட்டும் சிரிக்கவில்லை. தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தீர்ப்புச் சொன்னான். பண்டிதருக்குச் சிறை வேண்டாம். அதே அறை, அதே மெத்தை, அதே நெய்ச்சோறு, நாற்பத்தெட்டு நாள். பதிலாட்கள் மூவரும் இனி அவரவருக்காக நடக்கலாம், உண்ணலாம், தூங்கலாம்.

"பெரியவரே, உமக்கு என்ன வேண்டும்?"

"நாப்பத்தெட்டு சாயங்காலம் போச்சு ராசா. அதை உங்களால திருப்பித் தர முடியாது. வழியை விடச் சொல்லுங்க, போதும்."

ராஜா இறங்கி அவரோடு நடந்தான். நகர எல்லைப் புளியமரத்தடியில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டான். சடையாண்டி நிற்கவில்லை. பேச்சி வழி பார்த்துக்கொண்டிருப்பாள் என்று மட்டும் சொல்லிவிட்டு, வீங்கிய காலை இழுத்துக்கொண்டு போனார். அவர் உருவம் மறையும்வரை ராஜா பார்த்துக்கொண்டிருந்தான். தன்னை இப்படிப் பார்த்திருக்க ஒருவரும் இல்லையே என்று நினைத்தான். மறுநாள் புளியமரம் தாண்டி நடந்தான். அவன் நூறு வயது வாழ்ந்தானா என்று எனக்குத் தெரியாது. வாழ்ந்தவரை நடந்தான்.

அன்று வெயில் சாயும் நேரத்துக்குச் சடையாண்டி ஏரிக்கரை ஏறினார். பேச்சி ஈரச்சேலையோடு மடையிலிருந்து மேலே வந்துகொண்டிருந்தாள். ஏற இறங்கப் பார்த்தாள்.

"ராசா வீட்டுச் சோறு தின்னு இப்படியா இளைப்பே?"

நாற்பத்தெட்டு நாளும் சன்னலிடம் சொல்லிவைத்ததையெல்லாம் அவளிடம் சொல்ல வாயெடுத்தார். வந்தது வேறு.

"தண்ணியைச் சரியாப் பங்கிட்டு விட்டியா?" என்றார்.

"நீ விட்டதைவிட நல்லாவே."

அதெப்படி என்று அவர் கேட்டபடி உட்கார்ந்தார். அவளும் உட்கார்ந்தாள். அவர்கள் பேசி முடித்ததும் கதையை முடிக்கலாம் என்றுதான் காத்திருந்தேன். இன்னும் முடித்தபாடில்லை.