நட்சத்திரத்தின் பின்னால் கேள்விக்குறி

அந்தக் காலத்தில் விசைப்பலகையில் இருந்த குறிகளுக்கெல்லாம் வாய் இருந்தது. மனிதர்களோடு சரிக்குச் சரி வாயாடும். அவற்றில் நட்சத்திரக்குறி மகா பசிக்காரன். ரெஜெக்ஸ் என்று நிரலாளர்கள் சொல்லும் தேடல் சூத்திரத்தில் அதற்கு ஒரே வேலை. அதன் முன்னால் நிற்கும் புள்ளிக்குறி எந்த எழுத்தைப் பிடித்துக் கொடுத்தாலும், "இன்னும், இன்னும்" என்று வாங்கி விழுங்க வேண்டும்.

தென்காசியில் மகிழ்நங்கை என்ற நிரலாளருக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளையின் சித்தப்பா அனுப்பிய பத்திரிகை மாதிரியில், "இளம்பரிதி (பி.இ.) – மகிழ்நங்கை (எம்.எஸ்சி.)" என்று இருந்தது.

"கல்யாணம் பண்றது நாங்களா, எங்க சர்ட்டிபிகேட்டா?" என்றாள் அவள். பெரியப்பா, மாமா என்று பத்திரிகை முழுக்க இதே கதை; கையால் அழித்து மாளாது. நட்சத்திரத்தைக் கூப்பிட்டாள். "ஒவ்வொரு வரியிலயும் திறக்குற அடைப்புக்குறில ஆரம்பிச்சு, மூடுற அடைப்புவரை துடைச்சிரு." திரும்பிக்கூடப் பார்க்காமல் அச்சகத்துக்கு அனுப்பிவிட்டாள்.

சற்று நேரத்தில் சித்தப்பா போனில் வந்தார். "ஏம்மா, எங்க பையன் யாரைத்தான் கட்டப் போறான்? பொண்ணு பேரையே காணலியே! அச்சகத்துல மெஷின் ஓடப் போகுதாம்."

"நிறுத்தச் சொல்லுங்க மாமா!" என்று கத்திவிட்டுத் திரையைப் பார்த்தாள். இளம்பரிதி மட்டும் தனியாக நின்றான். தன் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயரே இல்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஏலே நட்சத்திரம், என் பேர் எங்க?"

"வயித்துல இருக்குக்கா. மூடுற அடைப்புவரைன்னுதான சொன்னீங்க? கடைசில இருந்ததும் மூடுற அடைப்புதான?"

அது சொன்னதில் தப்பில்லை. அவள் சொன்னதுதான் போதவில்லை.

"முதல்ல கக்கு" என்றாள். கக்கியது. எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கும் கேள்விக்குறியைக் கொண்டுவந்து நட்சத்திரத்தின் முதுகுக்குப் பின்னால் நிறுத்தினாள். "இப்ப சாப்பிடு."

நட்சத்திரம் ஒரு வாய் விழுங்கியது. "போதுமா?" என்றது கேள்விக்குறி. இன்னொரு வாய். "போதுமா?" முதல் மூடும் அடைப்பைக் கண்டதுமே நட்சத்திரம், "போதும், ஆளை விடு!" என்று வாயைத் துடைத்துக்கொண்டது. அடுத்த அடைப்பிலும் இதே கதைதான். இரண்டு பெயர்களும் பக்கத்தில் பக்கத்தில் அச்சேறின.

அன்று முதல்தான், அளவோடு அள்ள வேண்டிய இடத்தில் நட்சத்திரத்தின் பின்னால் கேள்விக்குறியை நிறுத்துகிறார்கள். நிறுத்த மறந்தவர்களுக்கு அது இன்றும் கடைசி அடைப்புவரை சாப்பிட்டுவிட்டுத்தான் நிமிர்கிறது.